ஃபைபர் படகைக் கடலில் இறக்குமுன் கசிவைக் கண்டறிவது எப்படி?

பழைய ஃபைபர் படகு ஒன்றை விலை பேசும்போது "தண்ணி ஏறுமா?" என்று கேட்டால், "கொஞ்சம் ஏறும் தம்பி, அப்பப்ப இறைச்சு ஊத்திட்டாப் போதும்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு, அது எந்த வழியாக ஏறுகிறது, ஏன் ஏறுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் எந்தப் படகையும் நீரில் இறக்கக் கூடாது. விடைகளைக் கடலில் தேட முடியாது. கரையில் மட்டுமே தேட முடியும். அதை எப்படிச் செய்வது என்பதைப் படகுத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். படகுக்குள் புகும் நீர் எந்த இடத்தில் புகுந்தாலும், உள்தளத்தின் சரிவைப் பிடித்து ஓடி, இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். படகின் முன்முனையான அணியத்தில் விழுந்த விரிசல் வழியாக வந்த நீர், பின்புறம் இன்ஜின் பக்கத்தில் குட்டையாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டுப் பின்புறத்தைப் பூசுபவர்கள் ஏராளம். பூசிய பிறகும் நீர் ஏறிக்கொண்டேதான் இருக்கும். தண்ணீர் தெரிகிற இடமும் அது புகுகிற இடமும் வேறு வேறு. இதற்கு நேர்மாறாக, கரையில் நிற்கும் படகுக்குள் நீரை ஊற்றினால், அதே ஓட்டை வழியாக நீர் வெளியே வரும். வெளிப்புறம் உலர்ந்திருப்பதால், அது வரும் புள்ளி கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் சோதனைகளில் முக்கியமானது இந்தத் தத்துவத்தின் மேல்தான் நிற்கிறது.

சிறிய ஓட்டைதானே என்ற எண்ணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கைவிடத் தோன்றும். நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே, 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை இருந்தால், அதன் வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 7 லிட்டர் நீர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் 400 லிட்டர். அதாவது 400 கிலோவுக்கும் மேல், ஐந்தாறு ஆட்களைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமமான எடை. அந்த எடை ஓர் இடத்தில் நிற்பதும் இல்லை. அலையில் படகு சாயும் பக்கமெல்லாம் அதுவும் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். படகு கவிழ்வதற்கு அது முழுவதுமாக நீரில் நிரம்ப வேண்டிய தேவையில்லை. தவிர, எடை கூடக் கூடப் படகு தாழ்ந்து, துளை இன்னும் ஆழத்துக்குப் போய், நீர் வரும் வேகமும் அதிகரிக்கும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது, தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் மணலில் இழுத்து ஏற்றப்படும், வெளியே மோட்டார் பூட்டிய ஃபைபர் நாட்டுப்படகு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இந்த வகைப் படகுகள் கரையோரம் முழுவதும் வேகமாகப் பெருகின. அதற்குமுன் பல ஊர்களில் கட்டுமரமே பிரதானம். கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கட்டியது, நீர் மேலே ஏறி இடுக்குகளின் வழியே கீழே இறங்கிவிடும். ஆகவே கசிவு என்ற கேள்வியே அதில் எழுந்ததில்லை. கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய பழைய மசூலாப் படகிலோ நீர் ஏறுவது இயல்பாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. இறைப்பதற்கென்று ஆள் இருப்பார். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகத்தானோ என்னவோ, "இறைத்துக்கொள்ளலாம்" என்ற மனநிலை ஃபைபர் படகிலும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஃபைபர் படகு ஒரே கூடாக வார்க்கப்பட்டது. நன்றாக இருக்கும் ஃபைபர் படகுக்குள் அடிவழியாக ஒரு சொட்டு நீர்கூட வரக் கூடாது. வந்தால் அது பழுது.

சோதனைக்கு உகந்த காலம் இரண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்த பிறகு ஒன்று. கோடை வெயில் உச்சத்தில் இருக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில் மற்றொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால், பழுது பார்க்கும் தொழிலாளர்கள் அந்த நாட்களில் பெரிய படகுகளின் வேலையில் மூழ்கியிருப்பார்கள் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய படகை வாங்குபவர், பணம் கொடுப்பதற்கு முன்பே, விற்பவரின் கண்முன்னே இந்தச் சோதனையை நடத்துவது எல்லாவற்றிலும் நல்லது.

படகை நிறுத்துதலும் கழுவுதலும்

படகு மணலில் பதிந்து கிடக்கும்போது அதன் அடியைப் பார்க்க முடியாது. மோட்டார், வலை, எரிபொருள் கேன், ஐஸ் பெட்டி என்று எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, படகைத் தூக்கி, மணல் நிரப்பிய சாக்குகளின் மீதோ பழைய லாரி டயர்களின் மீதோ நிறுத்துங்கள். அடியில் கை நுழையும் அளவுக்காவது இடைவெளி வேண்டும். படகின் அடியில் முதுகெலும்பு போல நீளவாக்கில் ஓடும் ஏராவின் முழு நீளமும் தெரிவதற்கு, படகை முதலில் ஒரு பக்கம் சாய்த்து முட்டுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு மறுபக்கம் சாய்க்க வேண்டியிருக்கும். ஒற்றை ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். மணலில் ஜாக்கி சரியும்.

கழுவுவதற்கு நல்ல தண்ணீரே வேண்டும். கடல்நீரில் கழுவினால் விரிசல்களுக்குள் உப்பு தங்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் அந்த இடம் உலராது. உலராத இடத்தில், பழுது பார்க்கப் பின்னால் பூசும் ரெசின் என்ற பிசின் ஒட்டாது. பாசி, சிப்பி, பழைய கிரீஸ் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். கூரிய இரும்பால் ஆழமாகச் சுரண்டாமல், மரத்துண்டாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ தள்ளினால் மேல்பூச்சுக்குச் சேதம் வராது. படகின் உள்ளேயும் இதே கவனத்துடன் கழுவுங்கள். மீன் செதிலும் மணலும் சேர்ந்த சேறு ஒரு விரிசலைத் தற்காலிகமாக அடைத்துக்கொண்டிருக்கக் கூடும். அதை எடுக்காமல் செய்யும் சோதனை பொய் சொல்லும்.

கழுவிய பின் இரண்டு மூன்று நாட்கள் வெயிலில் விட்டுவிடுங்கள். உலர்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி இருக்கிறது. ஒரு முழ நீள அகலத்துக்குப் பாலித்தீன் தாளை வெட்டி, சந்தேகமான இடத்தில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விடுங்கள். மறுநாள் தாளின் உட்புறம் முத்து முத்தாக ஈரம் படிந்திருந்தால், ஃபைபருக்குள் இன்னும் நீர் இருக்கிறது. சில நாள் வெயிலுக்குப் பிறகும் ஓர் இடம் மட்டும் இப்படி ஈரம் காட்டிக்கொண்டே இருந்தால், அந்த இடத்தைக் குறித்து வையுங்கள். நீர் உள்ளே போகும் வழி அதன் அருகில் எங்கோ இருக்கிறது.

வெளிப்புறத்தைக் கண்ணாலும் காதாலும் பார்த்தல்

கையில் ஒரு சாக்பீஸ், ஒரு டார்ச், பழைய ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, மார்க்கர் பேனா ஒன்று, ஒரு நோட்டு ஆகியவை இருந்தால் போதும். அணியத்தில் தொடங்கி ஒரே திசையில் சுற்றி வாருங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பார்த்தால் ஏதேனும் ஓர் இடம் கட்டாயம் விடுபடும். டார்ச்சை நேராக அடிக்காமல், படகின் பக்கவாட்டோடு ஒட்டிச் சாய்வாக அடித்தால், மேடு பள்ளங்களும் மயிரிழை விரிசல்களும் நிழலாக எழுந்து தெரியும். இதற்கு நடுப்பகலைவிட மாலை மங்கல் நேரம் ஏற்றது.

மணற்கரைப் படகில் முதலில் தேய்வது ஏரா. ஒவ்வொரு முறை கரையேற்றும்போதும் படகின் முழு எடையும் அந்தக் குறுகிய பகுதியின் மேல் ஏறி மணலில் உராய்கிறது. மணல் உப்புத்தாள் போலத் தேய்த்து, முதலில் நிறப்பூச்சான ஜெல்கோட்டைத் தின்று, பிறகு அடியிலுள்ள கண்ணாடி இழையை வெளியே கொண்டுவரும். விரலால் தடவினால் நூல் நூலாகக் குத்தினால், ஜெல்கோட் போய்விட்டது என்று பொருள். அந்த இழைகளின் வழியே நீர் மெதுவாக உறிஞ்சப்படும். அணியத்தின் அடிமூலையும், ஏரா பின்புறத்தில் முடியும் முனையும் மற்ற இடங்களைவிட முன்னதாகவே தேயும். இந்த இரண்டு முனைகளிலும் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழியுங்கள். என் பார்வையில், மணற்கரைப் படகில் இவற்றைவிட முக்கியமான இடம் வேறில்லை. ஏராவின் அடியில் இரும்புப் பட்டையோ மரப்பட்டையோ போல்ட் போட்டுப் பொருத்தியிருந்தால், ஒவ்வொரு போல்ட்டும் படகின் அடியில் போடப்பட்ட ஒரு துளை என்பதை நினைவில் வைத்து, ஒவ்வொன்றையும் அசைத்துப் பாருங்கள். துருக்கறை வழிந்திருக்கும் போல்ட்டின் பக்கம் நீர் நடமாட்டம் இருக்கிறது.

அடுத்து விரிசல்கள். எல்லா விரிசலும் ஆபத்தானவை அல்ல. எல்லா விரிசலையும் அலட்சியப்படுத்தவும் முடியாது. ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலப் பல பக்கமும் விரிந்தால், அங்கே கல்லோ வேறு படகோ மோதியிருக்கிறது. ஒன்றுக்கொன்று இணையாகக் கோடு கோடாக ஓடினால், அந்தப் பகுதி அலையின் அடியில் மீண்டும் மீண்டும் வளைந்து கொடுத்திருக்கிறது. அங்கே ஃபைபரின் தடிமன் போதவில்லை அல்லது உள்ளே தாங்கும் சட்டம் விட்டுப்போயிருக்கிறது. விரிசலின் மேல் மார்க்கர் மையைத் தடவி, உடனே துணியால் துடைத்துவிடுங்கள். மேற்பரப்பில் மை போய்விடும். பிளவுக்குள் மட்டும் கறுப்புக் கோடாக நின்று, விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காட்டும். கண்ணுக்கு விரல் நீளம் தெரிந்த விரிசல் சாண் நீளமாக வெளிப்படுவது உண்டு. அதன் நடுவில் ஒரு சிறு இடத்தில் ஜெல்கோட்டை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். அடியிலுள்ள இழை தெளிவாகவும் இறுகியும் இருந்தால் பூச்சோடு நின்றுவிட்ட விரிசல்; பால்போல் வெளுத்திருந்தால் இழையும் உடைந்திருக்கிறது, அதை வெட்டி எடுத்துவிட்டுத்தான் பழுது பார்க்க வேண்டும்.

உப்பங்கழியிலோ துறைமுகத்திலோ மாதக்கணக்கில் நீரிலேயே கட்டிக் கிடந்த படகானால், அடியில் அம்மைக் கொப்புளம் போன்ற புடைப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜெல்கோட் வழியாக ஊறிய நீர், உள்ளே இருக்கும் ரசாயனத்தோடு கலந்து, அழுத்தத்தில் மேற்பூச்சைத் தூக்குவதால் இவை வருகின்றன. குத்தினால் பீறிட்டு வரும் திரவத்தில் வினிகர் வாடை அடிக்கும். குத்தும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்வது கட்டாயம். அன்றாடம் கரையேறும் படகில் இது அபூர்வம்.

கண்ணால் பார்த்து முடித்ததும் காதுக்கு வேலை கொடுங்கள். நாணயத்தின் விளிம்பால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வந்தால், கெட்டியான ஃபைபர் "டங்" என்று தெளிவாக ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடமும் நீர் ஊறிய இடமும் "பொத்" என்று மழுங்கி ஒலிக்கும். உள்ளே சட்டமோ ஃபோமோ இருக்கும் இடத்தில் ஒலி இயல்பாகவே மாறும் என்பதால், வலப்பக்கத்தில் ஓர் இடத்தைத் தட்டியதும் இடப்பக்கத்தில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் கவலையில்லை. ஒத்திராத இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் நீர்ச் சோதனையில் சாக்பீஸ் அழிந்துபோகக் கூடும்.

உட்புறமும் பின்சுவரும்

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது வடிகால் துளையின் தக்கை. கடலில் படகுக்குள் நீர் வந்ததற்கான காரணங்களில் மிக எளியது இதுதான்: தக்கை போட மறந்தது, அல்லது தக்கையின் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. 25 மில்லிமீட்டர் துளை திறந்து கிடந்தால், முன்பு சொன்ன அதே ஆழத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டருக்குமேல் நீர் பாயும். ரப்பர் வளையத்தை விரலால் வளைத்துப் பாருங்கள்; மேலே வெடிப்புக் கோடு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். துளையைச் சுற்றியுள்ள பித்தளைக் கண்ணியும் ஃபைபரும் சேருமிடத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் தக்கை இறுக்கமாக இருந்தும் கண்ணியின் வெளியோரமாக நீர் வருவது வழக்கம்.

அடுத்தது மோட்டார் பூட்டும் பின்சுவர். பல படகுகளில் இது இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பிளைவுட் வைத்துச் செய்யப்பட்டது. போல்ட் துளையின் ஓரத்தில் நீர் நுழைந்தால் பிளைவுட் ஊறி, உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். வெளியே பார்க்கப் புத்தம்புதிதாக இருக்கும். இறக்கி வைத்த மோட்டாரை மீண்டும் மாட்டி, அதன் அடித்தண்டைப் பிடித்து மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். சுவர் அசைந்தாலோ, மூலைகளில் விரிசல் வாய் திறந்து மூடினாலோ, பலகை போய்விட்டது. போல்ட் ஒன்றைக் கழற்றி அதன் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு எடுத்தால், நல்ல பலகையில் கம்பி காய்ந்து வரும். மக்கிய பலகையில் கறுத்த ஈரமான தூளோடு வரும். மக்கிய பின்சுவரைக் கசிவு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது மோட்டாரோடு சேர்ந்து கடலில் கழன்று போகக் கூடியது. அப்படிப்பட்ட படகைச் சுவரை மாற்றாமல் இறக்கவே வேண்டாம். விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்கவும் வேண்டாம்.

மிதவை அறைகள் எனப்படும் மூடிய பெட்டிகளைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. படகு நிரம்பினாலும் மூழ்காமல் தாங்குவதற்காக, இவற்றுக்குள் தெர்மோகோலோ ஃபோமோ அடைத்திருப்பார்கள். மேலே கால் வைத்து ஏறி இறங்குவதால் இவற்றின் ஓரங்கள் வெடித்து, நீர் உள்ளே இறங்கி, வெளியேற வழியின்றி ஆண்டுக்கணக்கில் கிடக்கும். படகு வழக்கத்தைவிடக் கனமாக இருக்கிறது, ஒரு பக்கம் சற்றே தாழ்ந்து மிதக்கிறது என்றெல்லாம் சொல்லப்பட்டால், சந்தேகம் முதலில் இங்கேதான் திரும்ப வேண்டும். பெட்டியில் மூடி இருந்தால் திறந்து பாருங்கள். இல்லையென்றால், உரிமையாளரின் சம்மதத்தோடு பெட்டியின் தாழ்ந்த மூலையில், படகின் உட்பக்கமாக மட்டும், ஒரு சிறு துளையிட்டுப் பார்க்கலாம். நீர் வந்தால் முழுவதும் வடியும்வரை விட்டு, உலர்த்தி, பிறகு அடைத்துக்கொள்ளலாம். பெட்டி படகின் சுவரோடு சேரும் மூலைகள், இருக்கைப் பலகை சுவரைத் தொடும் இடம், மேல்விளிம்பும் உடலும் சேரும் கோடு ஆகியவற்றையும் இதே சுற்றில் பார்த்துவிடுங்கள்.

நீர் ஊற்றிச் சோதித்தல்

இதுவரை செய்தது எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று அறிவதற்காக. இனிச் செய்வது உறுதிப்படுத்துவதற்காக.

படகு நிற்கும் முட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபார்த்து, நடுப்பகுதிக்குக் கூடுதலாக மணல் மூட்டைகளைக் கொடுங்கள். 5 சதுர மீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது 500 லிட்டர்; அதாவது அரை டன். கடலில் வெளியே இருக்கும் நீர் படகைச் சுற்றிலும் தாங்கிப் பிடிக்கிறது; கரையில் அந்தத் தாங்கல் இல்லை. அதனால் ஒரேயடியாக நிரப்பாமல், நாலு விரல் உயரம் ஊற்றிப் பார்த்து, பிறகு சாண் உயரத்துக்குப் போகலாம். அதற்குமேல் ஊற்ற வேண்டாம்.

ஊற்றும் நீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்துகொள்ளுங்கள். இது எதற்கு என்றால், ஊற்றும் நீர் குளிர்ச்சியாக இருந்தால், கடற்கரையின் ஈரக்காற்றில் படகின் வெளிப்புறம் வியர்க்கக்கூடும். முதல்முறை பார்ப்பவர் படகு மொத்தமுமே ஒழுகுகிறது என்று பதறிப்போவார். வியர்வை நிறமற்றது, பரவலாகப் படிவது. கசிவு நீலமாக வரும். ஒரு புள்ளியில் வரும். வெளிப்புறத்தில் சந்தேகமான கோடுகளின் மேல் செய்தித்தாளை நீளவாக்கில் கிழித்து டேப்பால் ஒட்டிவைத்தால், மிக மெல்லிய கசிவையும் நீலக்கறை காட்டிக்கொடுக்கும்.

நீர் ஊற்றியதும் உள்ளே நீர்மட்டம் நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, அடியில் குனிந்து அரை மணி நேரம் பொறுமையாகப் பாருங்கள். பெரிய ஓட்டை உடனே ஒழுகும். நடுத்தரமானது, ஏராவின் ஓரத்தில் முதலில் ஒரு பொட்டு ஈரமாகத் தோன்றி, மெல்ல நீலப் புள்ளியாகத் திரண்டு, தன் எடையில் நீண்டு தொங்கி, சொட்டும். துடைத்துவிட்டால் மீண்டும் அதே புள்ளியில் திரளும். துடைத்துத் துடைத்துப் பார்ப்பதுதான் இங்கே நுட்பம், ஏனெனில் வெளிப்புறத்திலும் நீர் கொஞ்ச தூரம் வழிந்தோடி ஏமாற்றும். முதலில் ஈரமாகும் புள்ளியே ஓட்டை. அதைச் சுற்றி வட்டமிடுங்கள். அடுக்குகளுக்கு நடுவே புகுந்து சுற்றி வரும் நீர் வெளியே தலைகாட்டப் பல மணி நேரம் ஆகும் என்பதால், ஓர் இரவு முழுவதும் நீரை அப்படியே விட்டு, விடிந்ததும் செய்தித்தாள்களைப் பாருங்கள். வெளியே எங்கும் கறை இல்லாமல் உள்ளே மட்டம் மட்டும் நன்றாக இறங்கியிருந்தால், நீர் மிதவை அறைக்குள் போயிருக்கிறது.

சாண் உயரத்துக்கு மேலே இருக்கும் பகுதிகளுக்கு இந்த முறை எட்டாது. நீரைத் திறந்துவிட்டு, உள்ளே துடைத்து உலர்த்திய பிறகு, ஒருவர் டார்ச்சுடன் படகுக்குள் இருக்க, மற்றொருவர் வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் பீய்ச்ச வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் நீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும். எந்த உயரத்தில் நுழைந்தது என்று சொல்ல முடியாமல் போகும். மேல்விளிம்பின் சேர்மானக் கோட்டில் வரும் கசிவு, அமைதியான நீரில் தெரியாது. சுமையேற்றி அலையில் போகும்போது மட்டும் தெரியும். "சும்மா நின்னா ஏறல, ஓடுனாத்தான் ஏறுது" என்று சொல்லப்படும் படகுகளில் பெரும்பாலும் குற்றவாளி இந்தக் கோடோ பின்சுவர் போல்ட்டோதான்.

இரும்புப் படகானால் ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசி உலர்த்தி மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவும் முறை உண்டு. வெல்டிங்கின் ஊசித் துளையைக்கூட அது காட்டிவிடும். ஃபைபரில் அதைச் செய்யாதீர்கள். எண்ணெய் ஊறிய ஃபைபரில் ரெசின் பிடிக்காது.

கண்டறிந்ததை அடைத்தல்

பழுதுபார்ப்பைப் பழகியவரிடம் விடுவதே புதியவருக்கு நல்லது. ஆயினும், சரியாகச் செய்கிறாரா என்று அறியும் அளவுக்காவது நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விரிசலின் மேல் எம்-சீலையோ வெறும் ஜெல்கோட்டையோ அப்புவது பழுதுபார்ப்பு அல்ல; படகு வளையும்போது அது உதிர்ந்துவிடும். உடைந்த இழையை வெட்டி எடுத்து, ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஃபைபரின் தடிமன் 5 மில்லிமீட்டர் என்றால், சுற்றிலும் ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிவு வேண்டும். அதாவது தடிமனைப் போல் 12 மடங்கு. அந்தச் சரிவின் மேல் சிறியதிலிருந்து பெரியதாக மேட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்புத் துண்டுகளை ரெசினில் நனைத்து அடுக்கி, உருளையால் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். குமிழ் நின்றால் அதுவே அடுத்த கசிவுக்கு வழி.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் ரெசினில் சேர்க்கும், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும், இறுக வைக்கும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்டைச் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தேய்க்கும்போது பறக்கும் இழைத்தூள் நுரையீரலுக்குக் கேடு. முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது போதாது, தூசிக்கான முகக்கவசமே வேண்டும். நம் ஊர் வெயிலில் ரெசின் சில நிமிடங்களில் இறுகத் தொடங்கிவிடும் என்பதால், காலை நேரத்தில், சிறிது சிறிதாகக் கலக்கி வேலை செய்வதே நல்லது.

அடைத்து, இறுகி, மேற்பூச்சும் பூசிய பிறகு, நீர் ஊற்றும் சோதனையை அதே இடத்தில் மீண்டும் செய்ய வேண்டும். இந்த இரண்டாவது சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மரப்படகும் உள் இன்ஜினும்

மர வள்ளத்துக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. வெயிலில் கிடந்த மரப்படகின் பலகைகள் சுருங்கி, இடுக்குகள் திறந்திருக்கும். முதல் நாள் நீரில் விட்டதும் ஏறும் நீர், பலகை ஊறி இறுகியதும் தானாகக் குறையும். ஆகையால் மரப்படகை அதிகம் காயவிடக் கூடாது. ஒன்றிரண்டு நாள் ஈரச்சாக்கு போட்டு ஊறவைத்த பிறகே சோதிக்க வேண்டும். ஊறிய பிறகும் நீர் வந்தால், பலகை இடுக்குகளில் பஞ்சு அடித்து அடைத்த கலப்பத்து விட்டுப்போயிருக்கிறது. பழைய பஞ்சை எடுத்துப் புதிதாக அடிக்க வேண்டும். மெல்லிய ஊசியால் பலகையைக் குத்திப் பார்த்து, வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் அந்தப் பலகையையே மாற்ற வேண்டும். மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவின் நுழைவாயில் குண்டூசித் தலையளவே இருக்கும். உள்ளே பலகை சல்லடையாகியிருக்கும்.

உள்ளே டீசல் இன்ஜின் வைத்து விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் வெளியே போகும் படகில், ஷாஃப்ட் போகும் குழாயில் நீர் புகாமல் அடைக்கும் பேக்கிங்கைப் பாருங்கள். பழைய வகைப் பேக்கிங் ஷாஃப்ட் சுழலும்போது சில சொட்டுகள் விடுவது இயல்பு, அதுவே அதைக் குளிர்விக்கிறது. இன்ஜின் நின்ற பிறகும் தாரையாக வந்தால் மட்டுமே பழுது. முழுவதும் நிறுத்திவிட வேண்டும் என்று அளவுக்கு மீறி இறுக்கினால் ஷாஃப்ட் சூடேறித் தேய்ந்து, கசிவு இன்னும் பெரிதாகும்.

நீரில் முதல் மணி நேரம்

கரைச் சோதனை ஒன்றை மட்டும் காட்டாது: வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்தும்போது மட்டும் திறக்கும் விரிசல். அதனால் படகை நேரே அலை உடைக்கும் கரையில் தள்ளாமல், அலையில்லாத இடத்தில் முதலில் மிதக்கவிடுங்கள். முகத்துவாரத்தின் உட்பக்கம், பழவேற்காடு ஏரி போன்ற உப்பங்கழி, மீன்பிடித் துறைமுகத்தின் ஓரம், பாக் நீரிணைப் பக்கத்தில் காற்று இறங்கிய காலை நேரக் கடல் ஆகியவை ஏற்றவை. உள்தளத்தைத் துணியால் துடைத்து முற்றிலும் உலர்த்திவிட்டு இறக்குங்கள். தக்கை இறுகியிருப்பதைக் கையால் தொட்டுப் பாருங்கள். நீண்ட கயிற்றில் கட்டி, ஆளில்லாமல் அரை மணி நேரம் விட்டு, பிறகு உள்ளே பாருங்கள். காய்ந்திருந்தால், வழக்கமாக ஏற்றும் ஆட்களையும், ஐஸ், வலை ஆகியவற்றின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளையும் ஏற்றி, மேலும் அரை மணி நேரம் நிறுத்துங்கள். வெறும் படகில் நீருக்கு மேலே இருந்த போல்ட்டுகளும் விரிசல்களும் இப்போதுதான் நீருக்குள் போகும். கடைசியாக மோட்டாரை ஓட்டி, கரையை விட்டு விலகாமல் சில வட்டங்கள் போட்டு, பின்சுவரின் மூலைகளை விரலால் தடவிப் பாருங்கள்.

உள்ளே நீர் தெரிந்தால் சிறிது எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் அது வெளியிலிருந்து வந்தது. கரிக்காவிட்டால் ஐஸ் உருகியதோ மழை நீரோ மிதவை அறையில் மிச்சமிருந்த சோதனை நீரோ ஆகும். உப்பங்கழியில் மழைக்காலத்தில் நீரே உவர்ப்புக் குறைந்திருக்கும் என்பதால், வெளிநீரையும் ஒரு துளி சுவைத்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வெள்ளோட்டத்துக்கும் உயிர்காப்பு உடை, இறைக்க ஒரு வாளி, துளையை அவசரத்துக்கு அடைக்கத் துணி சுற்றிய கூம்பு வடிவ மரக்கட்டைகள் இரண்டு மூன்று, உறையிட்ட கைபேசி ஆகியவை படகில் இருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554 அதில் பதிவாகியிருக்கட்டும். சோதனையில் கண்ட இடங்களையும் அடைத்த தேதிகளையும் நோட்டில் படகின் வரைபடத்தோடு குறித்து வைத்து, முதல் பத்து நாட்களும் கரையேறியவுடன் அந்த இடங்களை மட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள். அடைத்த இடம் எதுவும் அந்த நாட்களில் வாய் திறக்கவில்லை என்றால், அதன்பின் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். ஏராவின் இரண்டு முனைகளை மட்டும் வாரந்தோறும் பார்த்துவர வேண்டும்.